திரையில் ஓடிய வரிகளைப் பிடித்தவர்கள்

கணினி வரலாற்றுத் தொடர் – 14

சென்ற அத்தியாயத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் என்ற ஊரிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் நின்றோம். கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் பிடிபி-7 என்ற பழைய கணினியை வைத்துக்கொண்டு யூனிக்ஸை எழுதத் தொடங்கிய கதை அது. அந்தக் கணினி பேசியதெல்லாம் எங்கே போயிற்று என்பதை இந்த முறை சொல்கிறேன். பல நூல்கள் இதை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு புரோகிராம் நள்ளிரவில் தடுக்கி விழுந்தால், காலையில் வருகிறவருக்கு மிஞ்சியிருப்பது அது கடைசியாக வெளியே சொன்ன சில வரிகள்தான். அவை கிடைக்காவிட்டால் எவ்வளவு பெரிய வல்லுநரும் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

கணினி வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் 1972 வாக்கில் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்திருப்பார்கள். பிடிபி-11 கணினிக்கு முன்னால் தாம்ஸன் உட்கார்ந்திருக்கிறார். ரிட்சி பக்கத்தில் நிற்கிறார். தாம்ஸன் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் சாதனம் டெலிடைப் 33. அதில் திரை கிடையாது. 1963இல் விற்பனைக்கு வந்த அந்த இயந்திரத்தில் சாவிப்பலகைக்கு மேலே ஒரு காகிதச் சுருள் இருக்கும். வினாடிக்கு 10 எழுத்து அடிக்கும், வரிக்கு 72 எழுத்து, எல்லாமே பெரிய எழுத்து. முழு வரி ஒன்றை அடித்து முடிக்க ஏழு வினாடிக்கு மேல் ஆகும். யூனிக்ஸ் கட்டளைகள் இரண்டெழுத்து, மூன்றெழுத்தில் சுருங்கிப் போனதிலும், எல்லாம் சரியாக நடந்தால் புரோகிராம் வாய் திறக்கக் கூடாது என்ற யூனிக்ஸ் வழக்கத்திலும் இந்த மெதுவான இயந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

மெதுவாக இருந்தாலும் அதில் ஒரு பெரிய வசதி இருந்தது. நீங்கள் கேட்டதும் கணினி பதில் சொன்னதும் ஒரே காகிதத்தில், நடந்த வரிசைப்படியே பதிந்துவிடும். லாக் என்கிற பதிவேட்டை எழுதுவது என்று தனியாக ஒரு வேலை யாருக்கும் தேவைப்படவில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 போன்ற பெரிய கணினிகளிலும் இதே நிலைதான். ஆபரேட்டரின் மேசையில் கன்சோல் தட்டச்சுப்பொறி ஒன்று இருக்கும். எந்த வேலை தொடங்கியது, எது பாதியில் நின்றது, எந்த டேப்பை மாட்டச் சொன்னது என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கும். ஷிப்ட் மாறி வருகிறவர் அதைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

காகிதத்துக்குப் பதிலாக ஒரு கோப்பில் இந்தப் பேச்சைப் பிடிக்க முடியுமா என்ற கேள்வி யூனிக்ஸுக்கு முன்பே எழுந்துவிட்டது. தாம்ஸனும் ரிட்சியும் அதற்கு முன் பணியாற்றிய மல்டிக்ஸ் அமைப்பில் அதற்கு வழி இருந்தது. முதலில் வெளியீட்டை ஒரு கோப்போடு இணைக்க ஒரு கட்டளை, பிறகு வேலையைச் செய்யும் கட்டளை, முடிந்ததும் வெளியீட்டைப் பழையபடி டெர்மினலுக்குத் திருப்ப இன்னொரு கட்டளை. மூன்றாவதை மறந்தால் அதற்குப் பிறகு கணினி சொல்வதெல்லாம் கோப்புக்குள் போய்க்கொண்டே இருக்கும். இந்த மூன்று வரியையும் ஒன்றாக்கலாம் என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை என்று ரிட்சியே பின்னாளில் எழுதியிருக்கிறார். யூனிக்ஸில் அது ஒற்றைக் குறியாகச் சுருங்கிற்று: >

இந்தக் குறிக்குப் பின்னால் நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். யூனிக்ஸில் ஓடும் எந்தப் புரோகிராமுக்கும் சில வாசல்கள் எண்ணோடு திறந்தே கிடைக்கின்றன. உள்ளே வருவது 0, வெளியே போவது 1. நீங்கள் > போட்டு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், கட்டளைகளைப் படிக்கும் ஷெல் தன்னைப் போலவே ஒரு நகலை உருவாக்குகிறது. அந்த நகலில் 1 என்ற எண்ணை டெர்மினலிலிருந்து பிடுங்கிக் கோப்பில் மாட்டிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் நீங்கள் கேட்ட புரோகிராமை அதே இடத்தில் ஏற்றி ஓடவிடுகிறது. புரோகிராம் எப்போதும்போல 1 என்ற வாசலில் எழுதுகிறது. அந்தப் பக்கம் டெலிடைப் இருக்கிறதா, கோப்பு இருக்கிறதா என்று அது கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு புரோகிராமை எழுதியவர் நினைத்தே பார்க்காத இடத்துக்கு அதன் பேச்சைத் திருப்பும் உரிமையை, அதை ஓட்டுகிறவர் கையில் கொடுத்தார்கள். யூனிக்ஸ் தந்த கொடைகளில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன்.

அடுத்த படி பைப். ஒரு புரோகிராமின் வெளியீட்டை நேராக இன்னொன்றின் உள்ளீடாக்க வேண்டும் என்று அதே பெல் ஆய்வுக்கூடத்தின் டக் மெக்கில்ராய் 1964லேயே ஒரு குறிப்பில் எழுதியிருந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் குழாய்களைத் திருகி இணைப்பது போலப் புரோகிராம்களை இணைக்க வேண்டும் என்பது அவர் சொன்ன உவமை. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்காக அதையே சொல்லிவந்தார். 1973இல் தாம்ஸன் ஒரே இரவில் அதை எழுதி முடித்தார். இந்தக் குழாயில் ஒரு கிளை வைத்து, ஓடுகிற வெளியீட்டைத் திரையிலும் காட்டிக் கோப்பிலும் சேமிக்கும் டீ என்ற சிறு கட்டளையும் அதே பத்தாண்டில் வந்தது. பிளம்பர்கள் மாட்டும் டீ இணைப்பின் பெயர்தான். கன்சோலில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பதிவும் செய்ய இன்றும் பெரும்பாலானவர்கள் முதலில் நாடுவது அதைத்தான்.

பைப் வந்ததும் ஒரு பழைய கோளாறு பொறுக்க முடியாத அளவுக்குப் பெரிதாயிற்று. அன்றைய யூனிக்ஸில் புரோகிராம்கள் தங்கள் பலனையும் புகாரையும் ஒரே வாசலில் அனுப்பின. கணக்கின் விடையும், "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்ற முறையீடும் ஒன்றாகக் கலந்து வந்தன. காகிதத்தில் வரும்போது மனிதக் கண் இரண்டையும் பிரித்துக்கொள்ளும். அடுத்த புரோகிராமுக்கு அப்படிப் பிரிக்கத் தெரியாது. முறையீட்டையும் தரவாக நினைத்து விழுங்கிவிடும். அமைப்பின் எளிமையைக் கெடுக்க மனமில்லாமல், 1975இல் வந்த ஆறாம் பதிப்பு வரை இதைச் சகித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சகிப்பு எப்படி முடிவுக்கு வந்தது என்பதை, அங்கே பணியாற்றிய ஸ்டீபன் ஜான்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் ஒன்று இருந்தது. ஜோ ஒஸ்ஸானா எழுதிய டிராஃப் என்ற புரோகிராம் கட்டுரைகளை வடிவமைத்து அதற்கு அனுப்பும். இயந்திரத்திலிருந்து நீளமான, அகலமான ஒளிப்படக் காகிதம் வரும். அதை எடுத்துக்கொண்டு போய், நாற்றமடிக்கும் ரசாயனக் கருவிக்குள் கவனமாகச் செருக வேண்டும். சில நிமிடம் கழித்துத்தான் எழுத்துகள் தெரியும். ஒரு நாள் பிற்பகல், ஒருவர் இல்லை, பலர் இதே பாட்டைப் பட்டுக் காகிதத்தை வெளியே எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைத்தது ஒரே ஒரு வரி: இன்ன கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழைச் செய்தி, அழகான அச்செழுத்தில். திரும்பிப் போய்க் கோப்பின் பெயரைத் திருத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முணுமுணுப்பு கேட்க வேண்டியவர்கள் காதில் விழுந்தது. சில நாட்களில் பிழைச் செய்திகளுக்கென்று 2 என்ற தனி வாசல் பிறந்தது. அதைக் கொண்டுவந்தவர் ரிட்சி.

பைப்பில் நான்கு புரோகிராம்கள் ஒன்றாக ஓடும்போது, "திறக்க முடியவில்லை" என்று சொன்னது எது என்று எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வொரு புரோகிராமும் தன் பெயரை முதலில் சொல்லிவிட்டுக் குறையைச் சொல்லும் பழக்கமும் அப்போது ஏற்பட்டது. இன்றைக்கும் லினக்ஸ் திரையில் பிழை வரும்போது, வரியின் தொடக்கத்தில் கட்டளையின் பெயரும் ஒரு முக்காற்புள்ளியும் நிற்பதைப் பாருங்கள்.

வாசல் இரண்டானதும், இரண்டையும் ஒரே கோப்பில் பிடிக்க ஒரு வழி தேவைப்பட்டது. 1979இல் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல் அதைத் தந்தது. 2>&1 என்ற அந்த எழுத்துக்கோவையைக் கணினித் துறையில் இருப்பவர்களில் தட்டாதவர் குறைவு. அது ஏன் சில சமயம் வேலை செய்வதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஷெல் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. கோப்பின் பெயர் முதலிலும் 2>&1 பிறகும் இருந்தால், முதலில் 1 கோப்புக்குப் போகிறது; பிறகு, 1 இப்போது இருக்கும் இடத்துக்கே 2 போகிறது. இரண்டும் கோப்பில் சேர்ந்துவிடும். வரிசையை மாற்றி 2>&1 முதலில் வந்தால், 1 அந்த நிமிடத்தில் எங்கே இருந்ததோ அந்தத் திரைக்கு 2 போய் நிற்கும். அதற்குப் பிறகு 1 மட்டும் கோப்புக்குப் போகும். பலன் பதிவாகும், பிழைகள் திரையில் ஓடி மறைந்துவிடும். நமக்கு வேண்டியதோ பெரும்பாலும் அந்தப் பிழைகள்தான்.

இதைவிடச் சிக்கலான இடம் ஒன்று உண்டு. சி மொழியில் எழுதிய புரோகிராம், எழுத்து எழுத்தாக வெளியே அனுப்புவதில்லை. நினைவகத்தில் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும். எதிரே இருப்பது டெர்மினல் என்றால் ஒவ்வொரு வரி முடிந்ததும் அனுப்பிவிடும். எதிரே இருப்பது கோப்போ பைப்போ என்றால் ஒரு பெரிய தொகுதி நிறையும்வரை காத்திருக்கும். லினக்ஸில் பொதுவாக 4096 பைட். பிழை வாசலான 2 மட்டும் காத்திருப்பதில்லை. 1989இல் வந்த சி மொழித் தரமும் இந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுத்தே எழுதப்பட்டது. வேகத்துக்காகச் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் புரோகிராம் திடீரென்று செத்தால், அனுப்பக் காத்திருந்த அந்தக் கடைசி வரிகளும் அதோடு போய்விடும். திரையில் ஓடவிட்டுப் பார்த்தபோது ஒழுங்காகத் தெரிந்த வரிகள் கோப்பில் இருக்காது. கோப்பில் பிழைச் செய்தி முதலிலும், அதற்கு முன் நடந்தவை பின்னாலும் வரிசை மாறிக் கிடப்பதற்கும் இதுவே காரணம். லாக்கின் கடைசி வரியைப் பார்த்து, "இந்த இடத்தில்தான் நின்றது" என்று யாராவது அடித்துச் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

இதற்கிடையில் டெலிடைப்பின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் விடி100 என்ற திரை டெர்மினலைக் கொண்டுவந்தது. 24 வரி, வரிக்கு 80 எழுத்து. சத்தம் கிடையாது, வேகமோ பல மடங்கு. இருபத்தைந்தாவது வரி வந்ததும் முதல் வரி மேலே தள்ளப்பட்டு மறைந்துவிடும். டெலிடைப்பில் கேட்காமலே கிடைத்த பதிவு இப்போது இல்லாமல் போயிற்று. பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் 1979இன் கடைசியில் வெளியிட்ட யூனிக்ஸ் தொகுப்பில் ஸ்கிரிப்ட் என்ற கட்டளை இடம்பெற்றது. அதைத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்கினால், திரையில் தோன்றுவதெல்லாம் டைப்ஸ்கிரிப்ட் என்ற பெயருள்ள கோப்பில் சேரும். காகிதச் சுருள் செய்த வேலையை ஒரு கட்டளை ஏற்றுக்கொண்டது.

இன்றைய ஸ்கிரிப்ட் கட்டளை இதைச் செய்யும் விதம் சாமர்த்தியமானது. அது ஒரு போலி டெர்மினலை உருவாக்கி, புரோகிராமை அதன் முன்னே உட்கார வைக்கிறது. புரோகிராம் உண்மையான டெர்மினலோடு பேசுவதாகவே நினைத்து, வரிக்கு வரி உடனுக்குடன் அனுப்புகிறது. மேலே சொன்ன தேக்கம் வருவதில்லை. அதற்கு ஒரு விலையும் உண்டு. வண்ணம் மாற்றும் ரகசியக் குறிகள், நீங்கள் தப்பாகத் தட்டி அழித்த எழுத்துகள், ஒரே வரியில் ஏறிக்கொண்டே போகும் சதவீதக் கணக்கு எல்லாம் அப்படியே கோப்பில் இறங்கிவிடும்.

பதிவு செய்தால் மட்டும் போதாது, அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு 1986இல் ஒரு பதில் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், வானியல் படித்துவிட்டுக் கணினிகளைக் கவனித்துக்கொள்ள வந்திருந்த கிளிஃபோர்ட் ஸ்டோல், கணினி நேரக் கணக்கில் 75 சென்ட் இடிப்பதைக் கண்டார். தேடிப்போனால், வெளியாள் ஒருவர் உள்ளே புகுந்திருந்தது தெரிந்தது. ஈமேக்ஸ் மென்பொருளோடு வந்த ஓர் ஓட்டை வழியாக அவர் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற்றிருந்தார். அந்த அதிகாரம் உள்ளவர் கணினிக்குள் இருக்கும் எந்த லாக்கையும் திருத்தலாம், அழிக்கலாம். கண்காணிக்கும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டால் அதையும் கண்டுபிடித்துவிடுவார்.

ஸ்டோல் ஒரு வார இறுதியில் அலுவலக மேசைகளிலிருந்து பழைய டெலிடைப்புகளையும் அச்சுப்பொறிகளையும் டெர்மினல்களையும் இரவலாகச் சேகரித்தார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலிருந்து வந்த இணைப்புகள் சுமார் 50. ஒவ்வொன்றிலும் ஒரு சாதனத்தை மாட்டிவிட்டு அங்கேயே தரையில் படுத்துக்கொண்டார். ஊடுருவியவர் வந்தார். அவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் கணினி தந்த ஒவ்வொரு பதிலும் காகிதத்தில் இறங்கின. கணினிக்குள் இருந்தவருக்கு அதன் தடயமே தெரியவில்லை. பொய்யான ராணுவ ஆவணங்களை வைத்து அவரை நீண்ட நேரம் இணைப்பில் நிறுத்திவைத்துத் தடம் தேடியதில், அது ஜெர்மனியின் ஹனோவர் நகரில், மார்கஸ் ஹெஸ் என்பவரிடம் போய் முடிந்தது. தகவல்களை சோவியத் உளவுத்துறைக்கு விற்ற வழக்கில் அவரும் கூட்டாளிகளும் 1990இல் தண்டனை பெற்றார்கள். சாட்சியம், குற்றவாளியின் கை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அதே பெர்க்லி ஊரில், பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் இதற்கு உதவும் ஒன்றை முன்பே செய்துவைத்திருந்தார். மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் சென்ட்மெயிலை எழுதியபோது, அதன் செய்திகளைப் பதிவு செய்ய சிஸ்லாக் என்ற ஏற்பாட்டையும் அவர் எழுதினார். 1983இல் பெர்க்லி யூனிக்ஸோடு அது பரவிற்று. ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென்று ஒரு கோப்பு வைத்துக்கொள்ளாமல் பொதுவான ஒருவரிடம் செய்தியை ஒப்படைக்கும். அவர் அதைக் கோப்பில் போடுவார், கன்சோலில் காட்டுவார், அல்லது வேறொரு கணினிக்கு அனுப்பிவைப்பார். செய்தியின் அவசரம் 0 முதல் 7 வரை எட்டுப் படி. 0 என்றால் கணினியே பயனற்றுப்போன நிலை, 7 என்றால் பிழைதேடலுக்கான சில்லறைத் தகவல். அனுப்பியது யார் என்பதற்கும் எண் உண்டு; மின்னஞ்சலுக்கு 2. இரண்டையும் ஒன்றாக்க, அனுப்பியவர் எண்ணை எட்டால் பெருக்கி அவசர எண்ணைக் கூட்டுவார்கள். மின்னஞ்சலில் பிழை என்றால் 16உம் 3உம் சேர்ந்து <19> என்று செய்தியின் முகப்பில் நிற்கும்.

இருபது ஆண்டுக்கு நெருக்கமாக இதற்கு எழுத்துவடிவத் தரமே இருக்கவில்லை. 2001இல் வந்த முதல் ஆவணம்கூட, நடைமுறையில் இருப்பதைப் பார்த்து எழுதிவைத்ததுதான். அதன்படி செய்தியில் மாதம், தேதி, மணி உண்டு, ஆண்டு கிடையாது. பழைய லாக்கை எடுத்துப் பார்க்கும் தணிக்கையாளர் அது எந்த ஆண்டு என்று கோப்பின் பெயரை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. 2009இல்தான் முழு நேரக்குறிப்போடு முறையான தரம் வந்தது.

தொண்ணூறுகளின் இறுதியில் லாக் எழுதுவதற்கென்றே நூலகங்கள் பெருகின. ஜாவாவுக்கு ஜெகி குல்ஜுவின் லாக்4ஜே புகழ்பெற்றது. பைத்தான் 2003இல் தன்னுடனேயே ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொன்றும் கோப்பைத் திறக்கும், அளவு மீறினால் புதுக் கோப்பு தொடங்கும், வலையில் அனுப்பும். இவை தேவைக்கு மேல் கனத்துப் போயின என்பது என் கருத்து. 2021 டிசம்பரில் லாக்4ஜேயில் வெளிப்பட்ட ஓட்டையை நினைத்துப்பாருங்கள். பதிவு செய்யச் சொன்ன வரிக்குள் ஒரு குறிப்பிட்ட எழுத்துக்கோவை இருந்தால், அந்த நூலகம் வெளியே எங்கோ இருக்கும் கணினியிலிருந்து நிரலை வரவழைத்து ஓட்டிவிடும் நிலை இருந்தது. எழுதி வைப்பது மட்டுமே தன் வேலை என்று அது இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

2011இல் ஹெரோக்கு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ், வலைச் செயலிகளுக்கான பன்னிரண்டு நெறிகளை எழுதியபோது லாக்கைப் பற்றிச் சொன்னது, மர்ரே ஹில்லுக்கே திரும்பிப் போகிற யோசனை. செயலி தன் லாக்கை எங்கே சேமிப்பது என்று கவலைப்படக் கூடாது. தேக்கி வைக்காமல் 1 என்ற வாசலில் எழுதிவிட்டுப் போக வேண்டும். பிடிப்பதும் சேர்ப்பதும் வெளியே இருப்பவரின் பொறுப்பு. செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும், 2013இல் வந்த டாக்கரும் இந்த வழியில்தான் நடக்கிறது. அது பிடிக்கும் ஒவ்வொரு வரியோடும் நேரத்தையும், 1, 2 ஆகியவற்றில் எந்த வாசலில் வந்தது என்பதையும் சேர்த்துக் குறித்து வைக்கிறது. ஒரு எச்சரிக்கை: அதன் இயல்பான அமைப்பில் இந்தக் கோப்புக்கு அளவு வரம்பு கிடையாது. வரம்பு வைக்காமல் விட்ட சர்வரில், வட்டு முழுக்க லாக்கே நிரம்பிச் செயலி நின்றுபோகும்.

கடைசியாக ஒன்று. 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் தன் 33 கோடிப் பயனாளர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்களை மறைகுறியாக்கும் முன்பே, அவை உள்ளபடியே ஓர் உள் லாக்கில் எழுதப்பட்டு வந்திருந்தன. அதே வாரத்தில் கிட்ஹப்பும் தன் பயனாளர்களில் சிலருக்கு இதே போன்ற அறிவிப்பை அனுப்பியது. மென்பொருள் எழுதும் இளைஞர்களிடம் நான் வேண்டிக்கேட்பது இது: உங்கள் புரோகிராமின் லாக்கை இன்று ஒருமுறை திறந்து, முதல் வரியிலிருந்து நீங்களே படித்துப்பாருங்கள். அடுத்தவர் கண்ணில் படக் கூடாத ஒரு சொல் அதில் இருந்தால், இன்றே நீக்கிவிடுங்கள்.

(தொடரும்)